வேலிப் பூனைக்காலி

திருவண்ணாமலை,
18-2-1980

அன்புள்ள உண்ணாமலைக்கு உன் அண்ணி பாஞ்சாலை எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி நலம். இன்னொருவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன கார்டில் வியாதியையும் வேலூர் மாத்திரையையும் ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டேன். நீ கேட்டபடி உன் அண்ணனின் உடம்பைப் பற்றி இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலில் வலது கைக் கட்டைவிரல்தான் ஆடியது. சும்மா இருக்கும்போது பீடி சுருட்டுவதுபோல விரல்கள் தானாக உருளும். நான் கிண்டல்கூடச் செய்தேன், கண்டக்டர் சம்பளம் போதாதென்று பீடிக் கம்பெனியிலும் சேர்ந்துவிட்டீர்களா என்று. பிறகு பஸ்ஸில் சில்லறை சிதற ஆரம்பித்தது. டிக்கெட்டைக் கிழிக்க முடியாமல் நிற்பாராம். எவனோ ஒரு புண்ணியவான், கண்டக்டர் தருமன் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று மொட்டைக் கடிதம் போட்டான். ஆயுசில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர்தான். நீண்ட லீவில் இருக்கிறார்.

வேலூர் டாக்டர் இது நடுக்குவாதம் என்றார். நரம்பு சம்பந்தப்பட்டது, போகப்போக ஜாஸ்தி ஆகும், கம்மி ஆகாது என்றும் சொன்னார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வயிற்றில் தங்கவில்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் குடலே வெளியில் வருவதுபோல வாந்தி. ‘இதுக்கு ஆடிக்கினே இருந்துட்டுப் போறேன்’ என்று நிறுத்திவிட்டார்.

இப்போது வாசற்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. பின்னால் நின்று நான் லேசாகத் தள்ளினால்தான் அடுத்த அடி. முகம் ஒரே மாதிரி இருக்கிறது. சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று எனக்கே தெரிவதில்லை. ஏதோ என்மேல் கோபம் என்று நினைத்து ஒரு மாதம் நானும் பேசாமல் இருந்தேன். பிறகுதான் டாக்டர் சொன்னார், கோபமெல்லாம் இல்லை, முகத்துக்கும் இந்த வியாதி வந்திருக்கிறது என்று. கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பாதிச் சோறு தரையில் கிடக்கும். நான் ஊட்டப் போனால் வாயைத் திறக்க மாட்டார். அவர் கையால் அவர் சாப்பிட வேண்டும். எனக்கு வேறெந்த ஆசையும் இல்லை உண்ணாமலை, அது ஒன்று நடந்தால் போதும்.

இந்த நிலையில் உன் கடிதம் வந்தது. நல்லவேளை, கடை விலாசத்துக்கு எழுதினாய். இனிமேலும் அப்படியே எழுது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் போகிற வழியில் பாஞ்சாலை டிபன் கடை என்றால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் உறையில் பம்பாய் முத்திரையைப் பார்த்ததும் உன் அண்ணன் பிரிக்காமலே திருப்பிவிடுவார். உன் கல்யாணச் செய்தி வந்த அன்று, ‘இனிமே அவ கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்’ என்று சொன்ன சொல்லை இன்றுவரை அவர் திரும்ப எடுக்கவில்லை. தாயில்லாத பிள்ளையைத் தலைவாரி, ரிப்பன் கட்டி, காலேஜ்வரை படிக்க வைத்தவர், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ மராட்டியரைக் கட்டிக்கொண்டாயே என்று மனது கல்லாகிவிட்டது. அந்தக் கதையை இப்போது கிளற வேண்டாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் உங்கள் டாக்டரம்மா இந்த வியாதிக்காரர்களுக்கு ஒரு விதையைப் பொடி செய்து கொடுத்துப் பார்க்கிறார், அந்த வேலூர் மாத்திரையில் இருக்கும் சத்து அந்த விதையிலேயே இருக்கிறது, விதையாகக் கொடுத்தால் சிலருக்குக் குமட்டல் அவ்வளவு இல்லை என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் சரி. விதையின் பெயரைப் பார்த்ததும்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. பூனைக்காலியா? நம் ஊர் வேலியில் கிடக்கிறதே, பள்ளிக்கூடப் பையன்கள் ஒருத்தன் சட்டைக்குள் ஒருத்தன் போட்டுவிட்டு ஓடுவார்களே, அந்த அரிப்புக்காயா?

இருந்தாலும் ஊருக்குப் போய் வெள்ளையம்மாள் சின்னம்மாவிடம் சொன்னேன். கொல்லை வேலி முழுக்கக் காய் முற்றித் தொங்கியது. பட்டுத்துணி மாதிரி பளபளவென்று இருக்கிறதே என்று ஆசையாகத் தொட்டுத்தொலைத்தேன். காய்மேல் இருக்கும் மயிர்ச்சுணை புடவையில் ஏறி, கழுத்தில் ஏறி, நான் ஆடிய ஆட்டத்துக்கு உன் அண்ணனின் நடுக்கம் ஒன்றுமே இல்லை. எண்ணெய் தடவி, சாம்பல் பூசி, கடைசியில் சாணியைக் கரைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் கடை திறக்கவில்லை.

விதை நிறைய வந்துவிட்டது. சின்னம்மாவே பக்குவமும் சொல்லிக் கொடுத்தார். இன்று முதல் கொடுக்கிறேன். ஊர் வைத்தியம் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். உன் பெயர் வாயில் வரவில்லை. உன் வீட்டுக்காரருக்கும் என் விசாரிப்பு.

உன் அண்ணி,
பாஞ்சாலை


திருவண்ணாமலை,
9-5-1980

அன்புள்ள உண்ணாமலைக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மலை கொதித்துக் கிடக்கிறது, ராத்திரியிலும் அதன் சூடு வீட்டுக்குள் வருகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் பதிலைப் படித்த பிறகு நன்றாக இருக்கிறேன் என்று சொல்லலாமா என்றுதான் தெரியவில்லை.

எத்தனை வாரமாகக் கொடுத்தும் ஒரு பலனும் இல்லை என்று போன மாதம் கார்டு போட்டேன். எப்படிச் செய்து கொடுக்கிறீர்கள் அண்ணி, ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று நீ கேட்டாய். நானும் பெருமையாக எழுதினேன், விதையை ஊறவைத்து, வேகவைத்து, சின்னம்மா சொன்னபடி ஏழு தண்ணீர் கொட்டி, தோலை உரித்து, காயவைத்து இடித்துக் கொடுக்கிறேன் என்று. பஞ்ச காலத்தில் ஊரில் இதைத் தின்றவர்கள் அப்படித்தான் செய்தார்களாம். அந்தத் தண்ணீர் விஷம், தெளிவாக வரும்வரை கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சின்னம்மாவின் கட்டளை. முதல் தண்ணீர் மை மாதிரி கறுத்து வரும். அப்பா, எவ்வளவு விஷம் என்று நினைத்து, ஒரு சொட்டு தங்காமல் கொட்டினேன்.

அதற்கு நீ எழுதிய பதிலைக் கடையில் நின்றபடி படித்தேன். ‘அண்ணி, மருந்தைக் கொட்டிட்டு சக்கையைக் கொடுத்திருக்கீங்க’ என்ற வரி வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கறுப்பாக இறங்கியதே, அதுதான் மருந்தா? இத்தனை நாளும் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். முருங்கைக்கு நடுக்கம் இருந்திருந்தால் இந்நேரம் குணமாகியிருக்கும்.

சின்னம்மாவைக் குறை சொல்ல முடியாது. வயிறு நிறையத் தின்பதற்கு அவர் சொன்னது சரி. பசிக்குத் தின்கிறவனுக்கு அது விஷம்தான், தலைசுற்றலும் வாந்தியும் வரும். அதே பொருள் உன் அண்ணனுக்கு மருந்து. ஒரே தண்ணீர். ஆளைப் பொறுத்து பெயர் மாறுகிறது.

நீ அதற்குமேல் எழுதியதை என்னால் மறக்க முடியவில்லை. நம் மூளையின் அடியில், இரண்டு பக்கமும், புளியங்கொட்டை அளவுகூட இல்லாத ஓர் இடம் இருக்கிறது, அது கறுப்பாக இருக்கும், அதில் ஊறும் ஒரு சத்துதான் கையைக் காலை ஓடவிடுகிறது, உன் அண்ணனுக்கு அந்த இடம் வற்றி வெளுத்துக்கொண்டு வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடம் எதனால் கறுப்போ ஏறக்குறைய அதனால்தான் இந்த விதைத் தண்ணீரும் கறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். எட்டாவது படித்த எனக்கு இது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் நேற்று வேண்டுமென்றே நாலு விதையைத் தட்டி ஒரு கிண்ணத்தில் ஊறவைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழுப்பாகி, பொழுது சாய்வதற்குள் கறுத்தது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் அண்ணனின் தலையைப் பார்த்தேன். அந்த மயிருக்கும் மண்டையோட்டுக்கும் உள்ளே இருக்கும் கறுப்பும் என் கையில் இருக்கும் கறுப்பும் உறவா? ‘இன்னா அப்டி பாக்கற’ என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

நம் வேலியில் ஆடுகூட வாய் வைக்காத ஒரு கொடி. அதற்கு நம் மண்டைக்குள் எது வற்றும் என்று எப்படித் தெரிந்தது? உன்னைக் கேட்டால், அதற்கு நம்மைத் தெரியாது அண்ணி, பூச்சி தன் விதையைத் தின்னாமல் இருக்க அது வைத்துக்கொண்ட காவல் என்பாய். அப்படித்தானே எழுதினாய். சரி, பூச்சிக்கு வைத்த காவல் எங்கேயோ ஒரு கண்டக்டரின் கையைப் பிடித்து நிறுத்தும் என்றால், அது இன்னும் பெரிய ஆச்சரியமாகத்தான் எனக்குப் படுகிறது.

மீதி விதையை எல்லாம் நீ சொன்னபடி பச்சையாகவே, கழுவாமல், பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, பொடியை அளந்து பொட்டலம் போட்டு நீ அனுப்பு. அளவு தெரியாமல் நானே கொடுக்கும் தைரியம் எனக்கு இனி இல்லை. வேலூர் டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். முதலில் வேப்பெண்ணெய் குடித்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். உங்கள் டாக்டரம்மா எழுதிய கடிதத்தைக் காட்டிய பிறகு, ‘சரிம்மா, மாசாமாசம் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்’ என்றார்.

ஒரு விஷயம். பார்சலில் உன் பெயரோ எழுத்தோ இருக்கக் கூடாது. மேல் துணியை நான் கடையிலேயே கிழித்துவிடுவேன். உள்ளே இருக்கும் பை வேலூர் டாக்டர் அனுப்பும் மருந்து என்று உன் அண்ணனிடம் சொல்லப்போகிறேன். உன் கையால் வந்தது என்று தெரிந்தால் அவர் தொட மாட்டார். கை போனாலும் சொன்ன சொல் போகக் கூடாது என்று நினைக்கிற ஜென்மம். பெயரே தருமன் ஆயிற்றே. பாரதக் கூத்து நடக்கும் ஊரில் பிறந்து, தருமனுக்கு ஒரு பாஞ்சாலையையும் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். வாக்குக்காக அவர் எதையும் இழப்பார், கூட நின்று நான் படுவேன்.

கடையில் ஒரு வெள்ளைக்காரி தினமும் காரமில்லாத இட்லி கேட்டு வருகிறாள். நேற்று பெஞ்சில் உட்கார்ந்து பீச்சாங்கையால் வேகவேகமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். உன் அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஸ்லேட்டில் எழுதுவது ஞாபகம் வந்ததோ என்னவோ. கேட்கப் பயமாக இருந்தது.

பார்சல் சீக்கிரம் வரட்டும்.

உன் அண்ணி,
பாஞ்சாலை


திருவண்ணாமலை,
14-9-1980

அன்பு உண்ணாமலைக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கடைக்கல்லாவில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் பயப்படாதே, நல்ல சேதிதான்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் குமட்டியது, ஆனால் வெளியே வரவில்லை. மோரில் கலக்கிக் கொடுத்தேன். டாக்டரம்மா சொன்னபடி பொட்டலத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். நான் மனதுக்குள் வேண்டாத தெய்வம் இல்லை. இந்தத் தடவையும் முருங்கைக்குத்தான் யோகமோ என்றுகூட நினைத்தேன்.

ஆடி வெள்ளிக்கிழமை. கடையில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன், பெஞ்சு நிறைய ஆட்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு என்பது உனக்குத் தெரியும். பின்பக்கத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து இரண்டு. இருபது வருஷம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது என்னவென்று தெரியாதா? ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் புறப்பட வேண்டும். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

காக்கிச் சட்டைப் பையில் இருந்த விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார். அதை ஊத அவருக்கு உதடு குவிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ தடவை முயன்று, காற்றுதான் வரும், எச்சில் வழியும், தூர வைத்துவிடுவார். அன்றைக்கு ஊதிவிட்டு என்னைப் பார்த்து, ‘போலாம் ரைட்’ என்று சொல்லி, வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தார். நான் தள்ளவில்லை. யாரும் தள்ளவில்லை. கால் தானாக எழுந்து தானாக இறங்கியது. வந்து நின்று சிரித்தார் உண்ணாமலை. அந்த முகத்தில் சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதையே நான் மறந்திருந்தேன். இடது கன்னத்தில்தான் முதலில் வந்தது.

கடையில் தோசை கருகிவிட்டது. வெள்ளைக்காரி அதையும் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனாள்.

மதியம் கூடத்தில் இலை போட்டேன். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. குழம்பைப் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோனார். கை நடுவில் ஒருமுறை தயங்கியது. பிறகு போய்ச் சேர்ந்தது. ஒரு பருக்கை கீழே விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், விழுந்தது. ஆனால் வயிறு நிறையத் தன் கையால் சாப்பிட்டு எழுந்தார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் முழுவதும் நான் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. சித்தர்கள் இருக்கிறார்கள், மூலிகை இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், காதில் வாங்கியதில்லை. நமக்கு இட்லி மாவு புளித்ததா என்பதுதான் கவலை. அன்றைக்குப் பார்க்கும்போது அந்தச் சரிவில் தெரிகிற ஒவ்வொரு புதரும் எதையோ கைக்குள் மூடி வைத்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியது. எதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? காலில் மிதித்துக்கொண்டு போகிறோம். பயபக்தி என்பார்களே, கோயிலில்கூட எனக்கு அது இவ்வளவு வந்ததில்லை.

வேலூர் டாக்டர் அவரை நடக்கவிட்டு, சட்டைப் பித்தானைப் போடச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் நடக்கச் சொன்னார். பிறகு உங்கள் டாக்டரம்மாவுக்குத் தானே கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

உன்னிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பொட்டலங்களைப் பையில் போட்டு வாயைக் கட்டி அனுப்புகிறாயே, அது என்ன முடிச்சு? நகம் இரண்டு பெயர்ந்துவிட்டது. பல்லால் கடித்தாலும் அசையவில்லை. கத்தரியைத் தேடினால், உன் அண்ணன் ‘கொடு இப்டி’ என்று வாங்கிக்கொண்டார். விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி டாக்டரும் சொல்லியிருப்பதால் சரி என்று விட்டுவிட்டேன். முதல் பை வந்தபோது ஒரு காலைப்பொழுது முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். இப்போது நான் ஒரு ஈடு இட்லி எடுப்பதற்குள் அவிழ்த்துவிடுகிறார். நூலை வீசுவதும் இல்லை, விரலில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

நீ கடைசியில் எழுதியிருந்ததையும் படித்தேன். இது வியாதியைத் தீர்ப்பதில்லை, வற்றியதை வெளியிலிருந்து ஊற்றுகிறோம், அவ்வளவுதான், சில வருஷம் நன்றாகக் கேட்கும், பிறகு கேட்பது குறையும், டாக்டரம்மாவே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார் என்று. மறைக்காமல் எழுதியதற்கு உனக்குக் கோடிப் புண்ணியம். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். சிரிப்பைப் பார்த்த அன்றைக்கே எனக்கு வேறெதையும் நினைக்க மனமில்லை.

நீயும் உன் வீட்டுக்காரரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி,
பாஞ்சாலை


திருவண்ணாமலை,
26-11-1980

என் அன்பு உண்ணாமலைக்கு,

மலை உச்சியில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. கடை வாசலில் நின்றால் தெரிகிறது. கூட்டம் வடிந்துவிட்டது, ஊர் முழுக்க எச்சில் இலையும் கரும்புச் சக்கையும்தான். எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

இந்த மாதப் பார்சல் தாமதமாகிவிட்டது. உன்மேல் தப்பில்லை, தீபக் கூட்டத்தில் தபால் எங்கேயோ தேங்கியிருக்கிறது. கையிருப்புப் பொட்டலம் தீர்ந்தது. முதல் நாள் சமாளித்தார். இரண்டாம் நாள் விரல் பழையபடி உருள ஆரம்பித்தது. அன்று மதியம் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. முகம் மூடிக்கொண்டது. ஒரு விதைக்கு இவ்வளவு வல்லமை என்றால், அது இல்லாத இடத்தின் வெறுமையும் அவ்வளவு என்று அன்றைக்குப் பார்த்தேன். பயந்துபோய்விட்டேன்.

பின்னால் நின்று மெல்லத் தள்ளிக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். குரல் எழும்பவில்லை. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ‘பார்சல் ஏன் இன்னும் வரல? அவளுக்கு ஒடம்பு கிடம்பு எதுனா முடியலியா?’ என்று கேட்டார்.

அவளுக்கு என்றார். வேலூர் டாக்டர் மீசை வைத்த ஆம்பிளை. எவளுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார். மொத்தமாகச் சொல்லவில்லை, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். நான் கேட்டபடியே உனக்கு எழுதுகிறேன்.

‘மொதப் பை வந்த அன்னிக்கே தெரியும். அது பீச்சாங்கை முடிச்சு. சின்னப் பொண்ணா இருக்கும்போது நான் கட்டிவுட்ற ரிப்பனை அவுத்துட்டு, அவளே மாத்திக் கட்டிக்குவா. ராத்திரி அவுக்க முடியாம என்கிட்டதான் வருவா. அத அவுக்கத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்.’

தெரிந்தும் ஏன் சாப்பிட்டீர்கள், அவள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றீர்களே என்று கேட்டேன். விரல் சட்டைப்பையில் இருந்த நூலைத் தேடிப் போனது. பிறகு, ‘தண்ணி குடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். இது பொடி. மோரும் நீ ஊத்தனது’ என்றார். முகம் மூடிக் கிடந்ததால் சிரித்தாரா என்று தெரியவில்லை. சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். தருமன் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள், வாக்கு மீறாமலேயே வளைந்து வருவதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார் பார்.

நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் என் கையிலிருந்து அந்தப் பையை வாங்கி, உன் முடிச்சைத் தடவித் தடவி அவிழ்த்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. விரலுக்குப் பயிற்சி என்று நினைத்த என்னை என்ன சொல்ல?

தீபத்தன்று சாயங்காலம்தான் தபால்காரர் கூட்டத்தில் நீந்திக்கொண்டு வந்து பார்சலைக் கொடுத்தார். மேல் துணியை நான் கடைக்குள் ஒளித்துக் கிழிக்கவில்லை. அப்படியே உன் விலாசத்தோடு கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். மேல்துணியின் தையலை நான்தான் பிரித்தேன். உள்பையை அவர் விடவில்லை. கத்தரி தரட்டுமா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே செங்கம் ரோட்டில் ஜனம் எள் போட இடமில்லாமல் மலையைப் பார்த்து நின்றது. உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே அரோகரா என்றது. தரை அதிர்ந்தது. வருஷா வருஷம் அந்த நிமிஷத்தில் நானும் கைகூப்பி நிற்பவள்தான். இந்த வருஷம் நான் மலையைப் பார்க்கவில்லை, உன் அண்ணனும் பார்க்கவில்லை. அவர் கண் முடிச்சில். என் கண் அவர் விரலில். அந்த ஆடுகிற விரல் நூலின் வாலைத் தேடும், தவறவிடும், திரும்பத் தேடும். மருந்து இன்னும் உள்ளே போகவே இல்லை என்பதை நினைத்துப் பார். வெறும் பழக்கம், வெறும் பிடிவாதம், வேறொன்றும் இருக்கலாம், நான் எழுத மாட்டேன். முடிச்சு இளகியது. நூலை உருவிக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். முகம் அசையவில்லை, கண்ணீர் மட்டும் இறங்குகிறது.

இன்றைக்கு விரல் அடங்கிவிட்டது. காலையில் தானே நடந்து கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். ‘எழுது’ என்றார். என்ன எழுத என்றேன். ‘முடிச்ச நல்லா இறுக்கியே போடச் சொல்லு’ என்றார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, ‘மாப்ளைக்கு இட்லி புடிக்குமா, சப்பாத்திதானா?’ என்று கேட்டார். மாப்பிள்ளை என்று அவர் வாயால் கேட்டதால் நானும் இனிமேல் அப்படித்தான் எழுதுவேன்.

உண்ணாமலை, கொஞ்ச வருஷம் என்று நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்றும் நினைக்கவில்லை. அந்த இரண்டு நாளில் தெரிந்திருக்கும். முடிச்சை இறுக்கிப் போடச் சொன்னாரே, முடிகிறவரைக்கும் தன் விரலாலேயே அவிழ்க்கத்தான் என்று நினைக்கிறேன்.

தை பிறந்தால் வேலியில் பூனைக்காலி முற்றிவிடும். டாக்டரம்மாவுக்குப் புது விதை வேண்டும் என்று கேட்டிருந்தாயே, இந்தத் தடவை நான் தொட மாட்டேன், நீயே வந்து பறித்துக்கொள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. மருந்துப் பையைத் தபாலில் போடாதே, கையில் எடுத்து வா. கட்டித்தான் எடுத்து வர வேண்டும்.

உண்ணாமுலையம்மன் உன்னையும் உன் குடும்பத்தையும் நோய்நொடி அண்டாமல் வைத்திருப்பாள். குடத்தை நடுக்கூடத்துக்கு மாற்றி, பக்கத்தில் சொம்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. நீ வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டு. நிறையவே மொண்டு கொடு. இப்போது சிந்தாமல் குடிக்கிறார்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அண்ணி பாஞ்சாலை